பிலாட்டீஸ் சாக்ஸ்: துணியையும் பிடிப்பையும் தேர்வு செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனக்கென ஒரு ஜோடி வாங்குபவர், வகுப்பு நடத்திக்கொண்டு மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர், சொந்தப் பெயரில் சாக்ஸ் பின்னி விற்க நினைப்பவர் என மூன்று தரப்பினரிடமிருந்தும் வரும் கேள்விகள் இங்கே சேர்ந்திருக்கின்றன. உங்களுக்குத் தேவையில்லாததைத் தாண்டிப் போகலாம்.

சாதாரண சாக்ஸின் அடியில் ரப்பர் புள்ளி வைத்தால் அதுதானே பிலாட்டீஸ் சாக்ஸ்?

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் பிடிப்பு இரண்டு இடங்களில் வேண்டும். சாக்ஸ் தரையைப் பிடிக்க வேண்டும். கால் சாக்ஸைப் பிடிக்க வேண்டும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

ரிஃபார்மரில் (ஸ்பிரிங் இழுவையில் நகரும் படுக்கை கொண்ட பிலாட்டீஸ் பயிற்சிக் கருவி) படுத்து, கால் வைக்கும் கம்பியில் முன்பாதத்தை ஊன்றி, ஸ்பிரிங் இழுவைக்கு எதிராகத் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். அடியில் உள்ள சிலிகான் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சாக்ஸ் தளர்வாக இருந்தால் அதற்குள் பாதம் மட்டும் வழுக்கி முன்னே போகும். பத்துப் பன்னிரண்டு முறை தள்ளியதும் குதிகால் பை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும், விரல் நுனியில் துணி சுருண்டு நிற்கும். புள்ளிகள் நன்றாக இருந்தும் சாக்ஸ் தோற்றுப்போகும் இடம் இது. அதனால் துணியை ஒரு முடிவாகவும் பிடிப்பை இன்னொரு முடிவாகவும் எடுக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

பருத்தியா, நைலானா, பாலியஸ்டரா?

மூன்றில் ஒன்று என்பதைவிட எந்த விகிதத்தில் என்று கேட்பது சரி. பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும் கலவை 75 முதல் 80 சதவீதம் சீவிய பருத்தி (குட்டை இழைகளைச் சீவி நீக்கியது), 15 முதல் 20 சதவீதம் நைலான், 3 முதல் 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் (ரப்பர் போல நீண்டு சுருங்கும் இழை).

சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைத் தாங்கி நிற்கும். நைலான் 4 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. வியர்வையை உள்ளே இழுத்துக்கொள்வதால் பருத்தி தோலில் வழுக்காது. அதே காரணத்தால் காய நேரமாகும், ஈரத்தில் கனத்துத் தொய்யும். நைலான் தேய்மானத்தைத் தாங்குவதில் கெட்டி; குதிகாலும் முன்பாதமும் ஓட்டை விழாமல் இருப்பது அதனால்தான். ஆனால் நைலான் மட்டுமே உள்ள சாக்ஸில் பாதம் வியர்த்தால் உள்ளே எண்ணெய் தடவியது போல நழுவும்.

பாலியஸ்டர் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. அதில் வாடை தங்கிவிடும் என்பது பெரிய குறை, பிடிப்புப் புள்ளிகளை அச்சிடும்போது வரும் சாயத் தொல்லை இன்னொரு குறை (அதைக் கீழே சொல்கிறோம்). மிக அதிகமாக வியர்க்கும் பாதம் என்றால் பருத்தியை 50 சதவீதத்துக்குக் குறைத்து, மீதியில் ஈரம் கடத்தும் பாலியஸ்டர் சேர்ப்பது நியாயமான சமரசம்.

நூறு சதவீதம் பருத்தி என்று போட்டிருந்தால்?

வாங்க வேண்டாம். இழுவை இல்லாத பருத்திச் சாக்ஸ் ஒரு வகுப்பு முடிவதற்குள் பை மாதிரி ஆகிவிடும்.

மூங்கில் நூல் நல்லதா? கிருமியைக் கொல்லுமாமே?

கடையில் மூங்கில் என்று விற்கப்படுவது கிட்டத்தட்ட எல்லாமே விஸ்கோஸ். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து மறுபடி இழையாக இழுக்கிறார்கள். மூங்கில் செடிக்கு என்ன குணம் இருந்தாலும் அது இந்தக் கரைசலைத் தாண்டி வருவதில்லை, எனவே கிருமிநாசினி என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். தொட்டால் மிருதுவாக இருக்கும், ஈரத்தைப் பருத்தியைவிட நன்றாகவே உறிஞ்சும், இவை உண்மை. ஆனால் நனைந்ததும் விஸ்கோஸின் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. பருத்தியோ நனைந்தால் கூடுதல் வலுப்பெறும். வியர்வையில் ஊறி, அதே நேரத்தில் கம்பியில் உரசும் பொருளுக்கு இது முக்கியம். மூங்கில்தான் வேண்டும் என்றால் குதிகாலிலும் விரல் பகுதியிலும் நைலான் சேர்த்து வலுவூட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மெரினோ கம்பளி?

குளிர்ந்த அறையில் பயிற்சி செய்பவர்களுக்கு அருமை, வாடையும் வராது. துவைப்பதில் பொறுமை வேண்டும்; சுடுதண்ணீரில் போட்டால் இறுகிச் சுருங்கும். கம்பளி இழை நீட்டிக்கொண்டு இருப்பதால் சிலிகான் புள்ளியின் அடிப்பகுதி முழுமையாக ஒட்டாமல் போவதும் உண்டு.

ஸ்பான்டெக்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? அதிகம் இருந்தால் இறுக்கமாக, நல்லதாக இருக்குமா?

லேபிளில் 3 முதல் 5 சதவீதம் போதும். அதைவிட, அது எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி. தரமான சாக்ஸில் ஸ்பான்டெக்ஸ் தனியாக இருக்காது. 20 டெனியர் (டெனியர் என்பது இழையின் பருமனைச் சொல்லும் அளவு) ஸ்பான்டெக்ஸைச் சுற்றி 70 அல்லது 75 டெனியர் நைலானோ பாலியஸ்டரோ சுற்றிய நூலாக, பருத்தியின் உள்பக்கம் ஒவ்வொரு வரிசையிலும் கூடவே பின்னப்பட்டிருக்கும். மலிவான சாக்ஸில் மேல்பட்டையில் மட்டும் ரப்பர் ஓடும், பாதம் தொளதொளவென்று இருக்கும்.

இரண்டு இடங்களைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஒன்று, பாத வளைவைச் சுற்றி நாலைந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு இறுக்கமான விலாப்பின்னல் (வரிவரியாக மேடுபள்ளமாக இருக்கும் பின்னல்) பட்டை இருக்க வேண்டும். பாதத்தைச் சாக்ஸோடு கட்டிவைப்பது அதுதான். இரண்டு, குதிகால் ஆழமான பையாக இருக்க வேண்டும். பை இல்லாத குழாய்ச் சாக்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. அளவுக்கு மீறி இறுக்கினால் விரல்கள் விரிய இடமில்லாமல் குறுகும். பாதத்தை விரித்து ஊன்றச் சொல்லும் பயிற்சிக்கு அது நேர் எதிர்.

தடிமனான டெர்ரி (துண்டில் இருப்பது போல வளையம் வளையமான பின்னல்) அடி வைத்தால் சொகுசாக இருக்குமே?

சொகுசுதான், ஆனால் காலுக்கும் தரைக்கும் நடுவே மெத்தை போட்டது போலாகும். டெர்ரி வளையங்கள் பக்கவாட்டில் சாய்வதால், சமநிலைப் பயிற்சியில் பாதம் ஊசலாடும். தட்டையான பின்னலே எங்கள் தேர்வு. குதிகாலுக்கு மட்டும் லேசான டெர்ரி இருக்கலாம். இன்னொன்று: டெர்ரி வளையங்கள் வெளிப்பக்கம் இருந்தால், அச்சிட்ட புள்ளி அந்த வளையங்களின் உச்சியில் மட்டும் ஒட்டி, அடியில் வெற்றிடம் விட்டுவிடும். அப்படி ஒட்டிய புள்ளி நகத்தால் தட்டினாலே வந்துவிடும்.

பின்னல் நெருக்கத்துக்கு, பெரியவர்கள் அளவில் 144 அல்லது 168 ஊசி இயந்திரம் சரியாக இருக்கும். ஊசி கூடக் கூடத் துணி மெல்லியதாகும். 200 ஊசியில் பின்னியது காலில் இருப்பதே தெரியாது, ஆனால் தேய்மானத்துக்கு நைலான் விகிதத்தை ஏற்ற வேண்டியிருக்கும்.

விரல் நுனித் தையல் உறுத்துகிறது. என்ன செய்வது?

கையால் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடிய முனையைக் கேளுங்கள். தட்டையாக இருக்கும். முழந்தாளிட்டு விரலை மடித்து நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

விரல் தனித்தனியாகப் பிரிந்த சாக்ஸும், விரல் திறந்த சாக்ஸும் எதற்கு?

விரல் பிரித்தது, விரல்களுக்கிடையே வியர்வை தேங்காமல் இருக்கவும் ஒவ்வொன்றும் தனியாக அசையவும் உதவும். போட நேரமாகும், உங்கள் விரல் நீளம் சாக்ஸின் விரல் நீளத்தோடு ஒத்துவராவிட்டால் எரிச்சல்தான். விரல் திறந்ததில் நேரடித் தொடு உணர்வு கிடைக்கும். பகிர்ந்து பயன்படுத்தும் கருவியில் சுத்தம் கருதி வேண்டாம் என்பவர்களும் உண்டு.

சிலிகான், பிவிசி, ரப்பர்: எதைத் தேர்வது?

பெரும்பாலும் சிலிகான். மலிவு வேண்டும், தரை மரமோ டைலோ மட்டும்தான், சில மாதம் உழைத்தால் போதும் என்றால் பிவிசி.

சிலிகான் வெப்பத்திலும் குளிரிலும் குணம் மாறாமல், வளைந்து கொடுத்து, தோலுக்குத் தொல்லை தராமல் இருக்கும். துணியோடு சேர்ந்து நீளும், சுருங்கும். சாக்ஸுக்கு இதுதான் பெரிய வரம். குறை, தூசியையும் பஞ்சையும் இழுத்துக்கொள்வது.

பிவிசி என்பது பிளாஸ்டிசால் பசையை 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி உறையவைப்பது. கெட்டியாக இருக்கும், துணி நீளும் அளவுக்கு நீளாது. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியேறும்போது புள்ளி விறைத்து வெடிக்கும். வெளியேறும் அந்தப் பொருள் ரிஃபார்மர் இருக்கையின் வினைல் உறைக்குள்ளும் இறங்கக்கூடும். சாக்ஸை அதன் மேலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போனால் புள்ளி வடிவத்தில் பிசுபிசுப்பான தடம் விழுவது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் எனும் ரசாயனப் பொருள் விதிப்படி, டிஇஎச்பி உள்ளிட்ட நான்கு ஃப்தாலேட்டுகள் (இப்படி மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள்) இத்தகைய மென்மையாக்கிய பொருளில் எடையளவில் 0.1 சதவீதத்தை எட்டக்கூடாது என்பது 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. பிவிசி வாங்குவதாக இருந்தால் ஃப்தாலேட் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உதட்டளவு உறுதி வேண்டாம்.

இயற்கை ரப்பருக்குப் பிடிப்பு பிரமாதம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, வெயிலிலும் வியர்வையிலும் சீக்கிரம் கெடும், கறுப்பு ரப்பர் வெளிர்நிறத் தரையில் கோடு விடும்.

புள்ளி எவ்வளவு பெரிதாக, எங்கெல்லாம் இருக்க வேண்டும்?

2 முதல் 4 மில்லிமீட்டர் குறுக்களவு, அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரம், 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி. உயரம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் பாதத்தில் பருக்கைக் கல்லாக உறுத்தும். புள்ளி பக்கவாட்டில் மடிந்து அடியிலிருந்து கிழியவும் செய்யும். அடி முழுவதையும் ஒரே படலமாக மூடினால் பிடிப்பு கூடும் என்று நினைப்பது தவறு. காற்றும் வியர்வையும் போக வழியில்லை, துணியின் நீட்சியும் செத்துப்போகும்.

அச்சு வேலையில் அடிக்கடி விட்டுப்போகும் இடம் பாத வளைவு. தரையில் நிற்பவருக்கு அது தேவையில்லை. ரிஃபார்மர் கம்பியில் வளைவை வைத்துத் தள்ளுபவருக்குத் தேவை. பெருவிரல் அடி, முன்பாதத்தின் உள்விளிம்பு, குதிகாலின் பின் வளைவு ஆகிய மூன்றிலும் புள்ளிகள் நெருக்கமாக இருக்கட்டும். எழுத்து, பூ, லோகோ வடிவங்கள் பார்க்க அழகு. ஆனால் மெல்லிய கோடும் கூர் முனையும் உள்ள வடிவம்தான் முதலில் உரியும். வட்டத்துக்கு முனை இல்லை.

நாலு துவைப்பிலேயே புள்ளிகள் உரிந்து வருகின்றன. சிலிகான் தரமில்லையா?

சிலிகானைக் குறைசொல்வதற்கு முன் துணியைப் பாருங்கள். பழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதல் சந்தேகம் மென்மையாக்கி. சாக்ஸ் பின்னி முடித்ததும் தொட்டால் பட்டுப்போல இருக்கட்டும் என்று சிலிகான் எண்ணெய் கலந்த மென்மையாக்கியில் முக்கி எடுக்கும் வழக்கம் உண்டு. அந்தப் படலத்தின் மேல் எந்த அச்சும் ஊன்றாது. அச்சுக்குப் போகும் சரக்கை மென்மையாக்கி இல்லாமல் முடிக்கச் சொல்லுங்கள், அல்லது அச்சுக்கு முன் சலவை செய்யுங்கள். எளிய சோதனை: அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில விநாடிகளில் துணி உறிஞ்ச வேண்டும். முத்துப்போல உருண்டு நின்றால் அந்தத் துணியில் அச்சிடாதீர்கள்.

இரண்டாவது, சாக்ஸை இழுக்காமல் அச்சிட்டது. பாத வடிவத் தட்டில் மாட்டி, கால் போட்டால் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்துத்தான் அச்சிட வேண்டும். சுருங்கிய நிலையில் அச்சிட்டால், அணியும்போது துணி நீண்டு, புள்ளியின் ஓரம் தூக்கிக்கொள்ளும். மூன்று அளவு சாக்ஸுக்கும் ஒரே தட்டைப் பயன்படுத்துவதும் இதே தவறுதான்; பெரிய அளவில் மட்டும் உரிகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, சிலிகான் இழைகளுக்குள் இறங்காதது. மிகக் கெட்டியான கலவை மேலாக உட்கார்ந்துவிடும். ஸ்குவீஜியால் (அச்சுக் கலவையை அழுத்தித் தள்ளும் ரப்பர் பட்டை) முதலில் மெல்லிய ஒரு பூச்சை அழுத்தி இழைக்குள் ஏற்றி, அதன் மேல் உயரம் கொடுப்பது நல்லது. அளவுக்கு மீறி இறக்கினாலும் கெடுதி, உள்பக்கம் சொரசொரக்கும். சாக்ஸைத் திருப்பிப் பார்த்தால் புள்ளி இருக்கும் இடம் நிழல் போலத் தெரிய வேண்டும், கைக்குத் தட்டுப்படக் கூடாது.

நான்காவது, குறைவான சூடு. ஓவனின் காட்டியில் 140 என்று இருந்தால் சாக்ஸின் மேல் 140 இருக்கிறது என்று அர்த்தமல்ல. வெப்ப ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிப் பாருங்கள். சிலிகான் சப்ளையரின் தாளில் உள்ள வெப்பமும் நேரமும் துணி அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் ஸ்பான்டெக்ஸ் தளர்ந்து, புள்ளி நிற்கும், சாக்ஸ் தொய்யும்.

வெள்ளைச் சாக்ஸில் நன்றாக வருகிறது. கறுப்பில் மட்டும் சிலிகான் காயாமல் பிசுபிசுக்கிறது. ஏன்?

கறுப்புப் பருத்திக்குச் சல்பர் (கந்தக) சாயம் போடுவது சகஜம். இரண்டு பாகமாக வந்து கலக்கும் சிலிகான் பெரும்பாலும் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது. கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மங்கள் எது பட்டாலும் பிளாட்டினம் செயலிழந்துவிடும். மேல்பகுதி இறுகியும் துணியைத் தொடும் அடிப்பகுதி பசையாகவும் இருந்தால் காரணம் இதுதான். ஓவனில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாகாது. நூலுக்குச் சல்பர் சாயத்துக்குப் பதிலாக ரியாக்டிவ் சாயம் கேளுங்கள். முடியாவிட்டால் தடுப்புப் பூச்சு ஒன்றை முதலில் அச்சிடுங்கள். கலக்கும் பாத்திரத்தையும் லேடெக்ஸ் கையுறையையும் மறக்க வேண்டாம். கையுறையில் உள்ள கந்தகமும் இதே வேலையைச் செய்யும்.

சிவப்புச் சாக்ஸில் வைத்த வெள்ளைப் புள்ளி ரோஜா நிறமானது. அது என்ன?

பாலியஸ்டர் சாயம் சூட்டில் ஆவியாகிப் புள்ளிக்குள் ஏறிவிட்டது. 150 டிகிரியை நெருங்கும்போது இது வேகம் பிடிக்கும், அதனால் பிவிசியில்தான் அதிகம். சில சமயம் கிடங்கில் இருக்கும்போது மெல்ல மெல்ல நிறம் ஏறும். குறைந்த வெப்பத்தில் இறுகும் சிலிகான், அல்லது சாக்ஸின் நிறத்திலேயே புள்ளி.

வீட்டிலேயே பழைய சாக்ஸுக்குப் புள்ளி வைக்கலாமா?

வைக்கலாம், இறுக்கமான சாக்ஸாக இருந்தால். மென்மையாக்கி சேர்க்காமல் இரண்டு முறை துவைத்து முழுமையாகக் காயவிடுங்கள். உங்கள் பாதத்தை அட்டையில் வரைந்து, சுற்றிலும் சிறிது கூட்டி வெட்டி, அந்த அட்டையைச் சாக்ஸுக்குள் நுழைத்துவிடுங்கள். அறை வெப்பத்தில் காயும், நிறமற்ற, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்கென விற்கும் சிலிகானில் அந்த மருந்து இருப்பது வழக்கம், தோலில் படும் பொருளுக்கு அது வேண்டாம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தாளை அடியில் பதித்து, பழைய அட்டைத் துண்டால் சிலிகானை அழுத்தித் தேய்த்து, தாளை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் எல்லாம் ஈஷிக்கொள்ளும். காடி வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், அந்த வகைச் சிலிகான் காயும்போது அப்படித்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். 24 மணி நேரம் அட்டையோடு விட்டு, மூன்றாம் நாள் துவைத்துவிட்டு அணியலாம்.

வாங்குவதற்கு முன் பிடிப்பை எப்படி அளப்பது?

ஆய்வகம் தேவையில்லை, ஒரு மீட்டர் பலகை போதும். பாத அளவு மரக்கட்டையில் சாக்ஸை மாட்டி, மேலே 2 கிலோ எடை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். கட்டை நகரத் தொடங்கும் கணத்தில் தூக்கிய முனையின் உயரத்தைத் தரையில் அதன் கிடை நீளத்தால் வகுத்தால் வருவதுதான் உராய்வுக் கெழு. உயரம் 50, கிடை நீளம் 86 என்றால் சுமார் 0.58, உயரமும் கிடையும் சமமாகும் வரை நகராவிட்டால் 1. ரப்பர் போன்ற பொருளின் உராய்வு எடைக்கு ஏற்பச் சற்று மாறும், எனவே ஒப்பிடும்போது எடையை மாற்றாதீர்கள். காய்ந்த நிலையில் ஒரு முறை, லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு முறை, பத்துத் துவைப்புக்குப் பிறகு ஒரு முறை பாருங்கள். புதிதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்; பத்தாவது துவைப்புக்குப் பின் வரும் எண்ணை வைத்து ஆர்டர் கொடுங்கள்.

பிடிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. நின்றபடி திரும்பும்போது பாதம் சிறிதும் சுழலாமல் ஒட்டிக்கொண்டால் அந்தத் திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். குதிகாலைத் தரையில் சறுக்கி நீட்டும் பயிற்சிக்கோ பிடிப்பே வேண்டாம், சாதாரணச் சாக்ஸ் போதும்.

எப்படித் துவைப்பது?

30 டிகிரி, உள்பக்கம் வெளியே திருப்பி, மென்மையாக்கி இல்லாமல். மென்மையாக்கி சிலிகான் மேல் வழவழப்பான படலம் விடும். குளோரின் பிளீச் ஸ்பான்டெக்ஸைத் தின்றுவிடும். டிரையர் வேண்டாம், நிழலில் காயட்டும். துண்டோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு முழுவதும் புள்ளியில்தான் வந்து ஒட்டும்.

புதிதில் இருந்த பிடிப்பு இப்போது இல்லை, ஆனால் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

அழுக்குதான். ஈரத்துணியில் ஒரு துளி சோப்பு தொட்டு அடியை மட்டும் தேய்த்து, நன்றாக அலசுங்கள். சோப்பு தங்கினாலும் வழுக்கும். கருவியின் கம்பியையும் துடையுங்கள். யாரோ தடவிய கிரீம் அங்கே இருக்கலாம்.

பாதத்தில் அரிப்பு வருகிறது. சிலிகான் ஒத்துக்கொள்ளவில்லையா?

அபூர்வம். பெரும்பாலும் மீந்த சாயம், சோப்பு, அல்லது மேல்பட்டை ரப்பர். புதுச் சாக்ஸைத் துவைக்காமல் அணியாதீர்கள். ஓகோ டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றில் (துணியில் தீங்கான பொருள் உண்டா என்று சோதித்துத் தருவது) தோலில் படும் ஆடைகளுக்கு இரண்டாம் வகுப்பு, மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு முதல் வகுப்பு. அச்சுப் புள்ளியும் சேர்த்துச் சோதிக்கப்பட்டதா, நூல் மட்டுமா என்று கேளுங்கள்.

எப்போது தூக்கிப் போட வேண்டும்?

சாக்ஸைக் கைக்குள் விட்டு, விரல்களை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முன்பாதத்திலும் குதிகாலிலும் பருத்தி தேய்ந்துபோய், நைலான் மட்டும் கொசுவலை போல மினுங்கினால் அந்த ஜோடியின் ஆயுள் முடிந்தது. புள்ளிகள் ஊன்றி நிற்க அங்கே துணி இல்லை. முன்பாதத்தில் ஐந்தில் ஒரு புள்ளி போயிருந்தாலும் அப்படியே. இடது சாக்ஸ் மட்டும் தேய்ந்து வலது புதிதாக இருந்தால், பயிற்சியாளரிடம் காட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். எந்தக் காலில் அதிகம் ஊன்றுகிறீர்கள் என்று அவர் பார்த்துச் சொல்வார்.